பிறர் உடம்பில் வாங்கிய கடன்

ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்குப் பெருங்குடல் அழற்சியை வரவழைப்பது மிக எளிது. டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் என்ற பொருளை நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை குடிநீரில் கரைத்துக் கூண்டில் வைத்தால் போதும். ஒரு வாரத்துக்குள் எலி இளைக்கும், பேதியாகும், மலத்தில் இரத்தம் வரும், மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, கூண்டின் மூலையில் ஒடுங்கிவிடும். எடை எவ்வளவு குறைந்தது, மலம் எவ்வளவு இளகியது, இரத்தம் எவ்வளவு என்று மூன்றுக்கும் நாள்தோறும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் மேலும் வதைக்காமல் கொன்றுவிட வேண்டும் என்பது பல கூடங்களில் உள்ள வரம்பு. மற்றவற்றைக் குறித்த நாளில் கொன்று பெருங்குடலை வெளியே எடுத்து நீளம் அளப்பார்கள். அழற்சி கண்ட குடல் சுருங்கிக் குட்டையாகியிருக்கும். ஜப்பானிய ஆய்வாளர் ஒகயாசுவின் குழு 1990-இல் சுண்டெலியில் செய்துகாட்டிய இந்த முறைதான் இன்று உலகெங்கும் குடல் அழற்சி ஆய்வில் பெருவழக்கு. பெரும்பாலும் இந்த எலிகளுக்கு வலிமருந்து கிடைப்பதில்லை. அழற்சியைக் குறைக்கும் வழக்கமான வலிமாத்திரைகள் குடல்புண்ணை மோசமாக்கும். அபின் வகை மருந்துகள் குடலின் அசைவையே மாற்றிவிடும். எதைக் கொடுத்தாலும் அளக்க வந்தது கலங்கிப்போகும். அதனால் வலியை முழுதாக எலியே சுமக்க வேண்டியிருக்கிறது.

எலிக்கு எதிரே நோயாளியை நிறுத்திப் பார்க்காமல் இதைப் பற்றிப் பேசுவது நேர்மை ஆகாது. குடல் அழற்சி நோய் என்ற பெயரில் அடங்குபவை முதன்மையாக இரண்டு. பெருங்குடலின் உட்படலம் புண்ணாகிப் பரவுவது அல்சரேட்டிவ் கொலைடிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றி, குடல்சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கி, புரையோடிப் பக்கத்து உறுப்புகளுக்கும் வழி திறக்கக்கூடியது கிரோன் நோய். 1932-இல் நியூயார்க்கில் பர்ரில் கிரோனும் அவருடைய சக மருத்துவர் இருவரும் விவரித்தது. இரண்டும் பெரும்பாலும் இளவயதில் பிடிப்பவை. படிக்கிற வயதில், வேலை தேடுகிற வயதில், திருமணம் பேசுகிற வயதில், நாளுக்குப் பத்து முறை இரத்தத்தோடு கழிப்பறைக்கு ஓட வைக்கும். சிலருக்குக் குடலை வெட்டி எடுத்து வயிற்றின் மேல் பை கட்ட வேண்டிவரும். வேரோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு. அந்த மருந்துகள் ஏதோ ஒரு கட்டத்தில் விலங்கின் உடம்பைக் கடந்துதான் மருந்துக்கடைக்கு வந்திருக்கின்றன. ஓர் உயிரின் குடலைப் புண்ணாக்கி இன்னோர் உயிரின் புண்ணை ஆற்றலாமா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் விடை சொல்லாது. அறம்தான் சொல்ல வேண்டும்.

மேலைநாட்டு மெய்யியல் இதை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்திருக்கிறது. விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பதை விட்டு அது துன்புறுமா என்று பாருங்கள் என்றார் பெந்தம், 1789-இல். பீட்டர் சிங்கர் 1975-இல் அந்த அளவுகோலை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார். கிடைக்கும் நன்மை தரும் துன்பத்தைவிடப் பெரிதா என்பது அவர் கணக்கு. டாம் ரீகன் 1983-இல் கணக்கையே மறுத்தார். தனக்கென ஒரு வாழ்வு உள்ள எந்த உயிரையும் பிறர் நன்மைக்குக் கருவியாக்கக் கூடாது என்பது அவர் நிலை. இருவரையும் மதிக்கிறேன். ஆனால் பொதுவெளியில் இந்த விவாதம் வழக்கமாக ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறது: அனுமதி உண்டா, இல்லையா? உண்டு என்று தீர்ப்பானால் கை சுத்தம், கோப்பை மூடிவிடலாம். எனக்கு இங்கேதான் குறை தெரிகிறது. ஒரு செயல் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அதனாலேயே அது தீங்கில்லாததாக ஆகிவிடாது. தவிர்க்க முடியாத தீங்கும் தீங்காகவே நிற்கும், செய்தவர் மேலும் அதன் பயனை உண்டவர் மேலும் கடனாக நிற்கும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இந்தக் கடனை ஒப்புக்கொண்டால் எந்தச் சோதனையைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதும் மாறிவிடும்.

இந்த நோக்கு நம் மரபுகளுக்குப் புதிதன்று. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் என்று இல்லறத்தான் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாகத் தரும நூல்கள் எண்ணிக் காட்டுகின்றன. சமைக்காமலும் கூட்டாமலும் யாரும் குடும்பம் நடத்த முடியாது. அப்படியிருந்தும், இது இயல்புதானே என்று அந்த நூல்கள் விட்டுவிடவில்லை. அவற்றில் சாகும் சிற்றுயிர்களின் பொருட்டு அன்றாடம் ஐந்து வேள்விகளைக் கழுவாயாக விதித்தன. பாரதத்தில் தருமன் நடத்தியது அறப்போர் என்று கண்ணனே சான்று சொன்ன பிறகும், வென்ற தருமனின் மனம் ஆறவில்லை, கழுவாய் தேடினான். சமணம் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்தது. துறவிக்கு எந்தக் கொலையும் கூடாது. இல்லறத்தானால் அப்படி வாழ முடியாது என்பதால் அவன் கையில் நேரும் இம்சையை அது நான்காக வகுத்தது: வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, வேண்டுமென்றே செய்வது. முதல் மூன்றும் வினையைச் சேர்க்கும், ஆயினும் இல்லறத்தானால் முற்றும் விலக்க இயலாதவை. நான்காவதை அவனும் விட்டே ஆக வேண்டும். உழவன் மண்ணைக் கிளறும்போது புழு சாகிறது. அவன் தேடியது நெல்லை, புழுவின் சாவை அல்ல.

ஆய்வுக்கூட எலியை இந்த வகுப்பில் எங்கே வைப்பது? தொழிலில் நேர்வது என்று சொல்லத்தான் கை போகும். ஆனால் அங்கே எலியின் நோய் பக்கவிளைவாக வருவதில்லை. நோய் வர வேண்டும் என்பதே நோக்கம். வராவிட்டால் சோதனை தோற்றது. குடிநீரில் கலக்கும் பொருளின் அளவைக் கூட்டிக் குறைத்து, பேதி போதுமான அளவுக்கு ஆகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். இறுதி நோக்கம் மனிதர் நலம் என்பது உண்மைதான். ஆயினும் அந்த நலத்துக்கான வழி முழுவதும் இன்னோர் உயிரின் துன்பத்தால் ஆனது. சமண அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் இது நான்காவது வகையை ஒட்டித்தான் நிற்கிறது. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. பல ஆய்வறிக்கைகளின் மொழி இதைச் சொல்லாமல் நழுவுகிறது. விலங்கு அங்கே ஓர் அளவீட்டுக் கருவி போலத்தான் வருகிறது.

அப்படியானால் நிறுத்திவிடுவதுதானே என்ற கேள்வி எழும். திருக்குறளின் கொல்லாமை அதிகாரம் தன் உயிரைக் காத்துக்கொள்ளும் பொருட்டும் பிற உயிரை எடுக்க இடம் தரவில்லை. கொலையால் வரும் ஆக்கம் எவ்வளவு பெரிதானாலும் சான்றோர்க்கு அது இழிவு என்றே வள்ளுவர் கருதினார். எல்லா உயிரின் துன்பத்தையும் தன் துன்பமாக உணர்வதையே வழிபாடாக வைத்த வள்ளலாரிடம் கேட்டாலும் விடை வேறாக இருந்திராது. இந்த மறுப்பு மிக வலுவானது, இதைச் சுற்றிக்கொண்டு போக நான் விரும்பவில்லை. ஆனால் வள்ளுவர் யாரிடம் பேசுகிறார் என்று கவனிக்க வேண்டும். தன்னுயிர் போவதானாலும் என்கிறார். கேட்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறார். அது ஒரு நோன்பு. கிரோன் நோய் வந்த ஒருவர், விலங்கின் மேல் சோதித்த எந்த மருந்தும் எனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தால் அவரை வணங்கலாம். அதே முடிவைத் தாயோ மருத்துவரோ இரண்டு வயதுக் குழந்தைக்காக எடுக்க முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். குழந்தையின் நலத்தைக் கொடுத்து என் நோன்பை நான் காப்பாற்றிக்கொள்வது துறவாகாது.

இதே நியாயம் எதிர்ப்பக்கமும் வெட்டும். பருந்திடமிருந்து புறாவைக் காக்கச் சிபி மன்னன் தன் தொடையைத்தான் அறுத்துக் கொடுத்தான். பக்கத்தில் நின்ற ஆட்டை அறுத்துத் தராசில் போட்டிருந்தால் பருந்தின் பசி தீர்ந்திருக்கும், புறாவும் பிழைத்திருக்கும். ஆனால் அவன் கதையை யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். கொடை என்பது தன்னுடையதைக் கொடுப்பது. எலியின் உடம்பை நான் மனிதகுலத்துக்குக் கொடையாக வழங்க முடியாது, அது என்னுடையது இல்லை. எலி தன்னைத் தந்தது என்று சொல்வதும் பொய். அதை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை. ஆக, இந்த இடத்தில் நாம் பெரிதாகப் போற்றும் இரண்டு அறங்களும் கைவிடுகின்றன. துறந்தால் பிறர் பிள்ளையின் உடம்பைத் துறக்கிறோம், கொடுத்தால் பிறிதோர் உயிரின் உடம்பைக் கொடுக்கிறோம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒருவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிறோம். எடுத்துக்கொண்டது கொடையும் இல்லை, உரிமையும் இல்லை என்றால் அதைக் கடன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கடனால் கிடைத்தது என்ன? இதைச் சொல்லாமல் வாதம் நிற்காது. 1993-இல் ஜெர்மனியில் ரஜெவ்ஸ்கி, வெர்னர் முல்லர் குழுவினர், இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவை நீக்கிச் சுண்டெலிகளை வளர்த்தார்கள். நோய் எதிர்ப்பாற்றலுக்குக் கடிவாளமாக இருப்பது அந்தப் புரதம். எலிகளுக்குத் தாமாகவே குடல் அழற்சி வந்தது. பிறகு அதே வகை எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தபோது அழற்சி வரவில்லை. குடலில் இயல்பாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு உடம்பு போரிடத் தொடங்குவதே நோய் என்ற இன்றைய புரிதலுக்கு இத்தகைய சோதனைகள் அடித்தளம். உடனே, குறைகிற புரதத்தைக் கொடுத்தால் நோய் ஆறும் என்று நம்பினார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் கிரோன் நோயாளிகளுக்கு இன்டர்லூக்கின்-10 ஊசி போட்டுப் பார்த்தார்கள், சொல்லத்தக்க பயனில்லை. எலி ஏமாற்றிவிட்டது என்று அன்று முடிவுகட்டியிருக்கலாம். 2009-இல் இன்னொன்று தெரிந்தது. பிறந்த சில மாதங்களிலேயே மிகக் கொடிய குடல் அழற்சிக்கு ஆளாகும் சில குழந்தைகளிடம் இதே புரதத்தை ஏற்கும் மரபணு பழுதாகியிருந்தது. அவர்களில் ஒரு குழந்தைக்கு இரத்தக் குருத்தணுக்களை மாற்றிப் பொருத்தியபோது நோய் அடங்கியது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் எலியில் கண்டது அந்தக் குழந்தையைக் கண்டுகொள்ள உதவியது. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பொய்த்துப்போன அதே எலி, மிகச் சிலருக்கு உயிர் கொடுத்திருக்கிறது.

தென்னமெரிக்காவின் பஞ்சுத்தலை டாமரின் குரங்கின் கதை இதைவிடக் கனமானது. கொலம்பியாவின் வடமேற்குக் காடுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத, அரைக்கிலோகூட எடையில்லாத குரங்கு. 1960-களின் பிற்பாதியிலும் 70-களின் தொடக்கத்திலும் 20,000-க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். கூண்டில் அடைத்த டாமரின்களுக்குத் தாமாகவே அல்சரேட்டிவ் கொலைடிஸ் போன்ற நோய் வந்தது, பலவற்றுக்கு அது பெருங்குடல் புற்றாகவும் முற்றியது. யாரும் மருந்து கலந்து கொடுக்கவில்லை, சிறையே நோயாயிற்று. அந்த நோயாளிக் குரங்குகளில், வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழைவதைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களை 1990-களில் சோதித்தார்கள். 1996-இல் டாமரின்களின் அழற்சியைத் தணித்த ஓர் எதிர்ப்பொருளை மனித உடம்புக்கு ஏற்ப மாற்றியமைத்ததுதான் 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெடோலிசுமாப். இன்று உலகம் முழுவதும் நோயாளிகள் அதனால் எழுந்து நடமாடுகிறார்கள். டாமரின் இனமோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. காடழிப்பும் செல்லப்பிராணி வணிகமும் பெருங்காரணங்கள்; ஆய்வுக்காகப் பிடித்ததும் ஒரு காரணம். இந்தக் கதையைப் பயனற்ற கொடுமை என்று எழுதவும் முடியாது, நன்மையில் முடிந்தது என்று எழுதவும் முடியாது.

இதனால்தான் விலங்குச் சோதனைகள் பயனற்றவை, ஆகவே கூடாது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அதற்கு ஆதாரம் நிறைய இருப்பது உண்மை. இன்டர்லூக்கின்-17 என்ற புரதத்தைத் தடுக்கும் செக்குகினுமாப் என்ற மருந்து கிரோன் நோயைத் தணிக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். 2012-இல் வெளியான ஆய்வில் மருந்து பெற்றவர்களின் நிலை மோசமாகத்தான் போயிற்று. எலிச் சோதனைகளோ அதற்கு முன்பே இரு விதமாகவும் பேசியிருந்தன. அந்தப் புரதத்தைத் தடுத்தால் குடல்புண் மிகும் என்று காட்டியவையும் அவற்றில் உண்டு. எலியின் சொல்லைக் கேட்க வந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய சொல்லைக் கேட்டார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் பயனின்மையை மட்டும் நம்பி எழுப்பிய கருணை, பயனுள்ள ஒரு சோதனை வந்த அன்றே இடிந்துவிடும். எலியின் குடல் நம் குடலைப் போல இல்லாவிட்டால் சோதனையால் பயனில்லை. போலவே இருந்தால், அதன் வலியும் நம் வலியைப் போன்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புமை கூடக் கூடப் பயனும் கூடுகிறது, கடனும் கூடுகிறது.

ஆறறிவும் ஐந்தறிவும் ஒன்றா என்று கேட்பார்கள். தொல்காப்பியம் உயிர்களை அறிவின் படிகளில் அடுக்கி, மனத்தை ஆறாவதாக வைத்தது உண்மை. ஆனால் குடல்வலிக்கு ஆறாம் அறிவு தேவையில்லை, மெய்யுணர்வு போதும். சுண்டெலி வலியில் கண்ணை இடுக்குவதையும் கன்னம் உப்புவதையும் காது மடங்குவதையும் வைத்து வலியை அளக்க முடியும் என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள். மனம் இல்லாததால் துன்பம் குறைவு என்பதும் உறுதியில்லை. நோயாளிக்குத் தன் நோயின் பெயர் தெரியும். நாளை மருந்து வேலை செய்யும் என்று நம்பிக் கிடக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்க ஆளிருக்கும். எலிக்கு அந்த வலியிலிருந்து ஒதுங்க மனத்தில் ஓர் இடமும் கிடையாது. கோடிக்கணக்கில் கோழியைத் தின்கிறோம், வீட்டெலிக்கு விஷம் வைக்கிறோம், ஆய்வுக்கூட எலிக்கு மட்டும் ஏன் அழ வேண்டும் என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம்: ஒரு கடன் இருப்பது இன்னொரு கடனைத் தள்ளுபடி செய்யாது.

இவற்றைவிடக் கூர்மையான ஒரு மறுப்பு இருக்கிறது. தவறு என்று சொல்லிக்கொண்டே செய்யச் சொல்கிறாயே. வருத்தப்பட்டுவிட்டால் எல்லாம் செய்யலாமா? கழுவாய் என்பது பாவத்துக்குக் கட்டும் கட்டணமாகிவிடாதா? ஆகிவிடக்கூடும். ஜப்பானிலும் கொரியாவிலும் பல ஆய்வு நிறுவனங்கள் சோதனையில் இறந்த விலங்குகளுக்காக ஆண்டுதோறும் நினைவுச் சடங்கு நடத்துகின்றன; பூ வைத்து, தலை குனிந்து நிற்கிறார்கள். அந்தத் தலைகுனிவை நான் மதிக்கிறேன், இறந்த உயிருக்குத் தாங்கள் ஏதோ கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வு அதில் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டுக் கூண்டுகளின் எண்ணிக்கை அதனால் குறையவில்லை என்றால், சடங்கு செய்தவரின் மனத்தைத்தான் ஆற்றியிருக்கிறது. கடன் வாங்கியவன் வருந்துகிறானா என்று யாரும் பார்ப்பதில்லை. அடைக்கிறானா, மேலும் வாங்காமல் இருக்க முயல்கிறானா என்றுதான் பார்ப்பார்கள். இறந்த எலிக்கு எதையும் திருப்பித் தர இயலாது. அதன் இனத்துக்கு அடைக்கலாம்: அது தந்த அறிவை வீணாக்காமலும், அதே கேள்விக்காக இன்னொரு எலியை எடுக்காமலும், எலியே தேவைப்படாத வழியைத் தேடியும். டாமரின் குரங்கால் விளைந்த மருந்தின் வருவாயில் ஒரு பங்கு கொலம்பியக் காட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பதும் இந்தக் கணக்கில் அடங்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்று நடப்பதில் பெரும்பகுதி நிற்காது. டெக்ஸ்ட்ரான் சோதனை மலிவானது, விரைவானது. ஒரே மாதத்தில் ஒரு கட்டுரைக்கு வேண்டிய படங்கள் கிடைத்துவிடும். நம் மருந்தியல் கல்லூரிகளில் அதைவிட மலிவாக, எலியின் ஆசனவாய் வழியே அசிட்டிக் அமிலத்தைச் செலுத்திக் குடலைப் புண்ணாக்குகிறார்கள். பிறகு ஏதேனும் ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்து, புண் குறைந்தது என்று எழுதுகிறார்கள். அமிலம் உண்டாக்கிய காயம் சில நாளில் தானாகவே ஆறத் தொடங்கும் காயம். ஆண்டுக்கணக்கில் ஓயாமல் திரும்பி வரும் கிரோன் நோயைப் பற்றி அது சொல்வது சொற்பம். டெக்ஸ்ட்ரான் உண்டாக்கும் புண்ணும், கிரோன் நோயில் பெரும்பங்கு வகிக்கும் டி அணுக்களும், அவற்றோடு பி அணுக்களும் இல்லாத எலிகளுக்குக்கூட வருகிறது. போதாததற்கு, ஒரே வகை எலியை இரண்டு வணிகர்களிடம் வாங்கினால் அவற்றின் குடல் நுண்ணுயிர்கள் வேறுபட்டு, எதிர்ப்பாற்றலும் வேறுபடும் என்று 2009-இல் தெளிவாகிவிட்டது. இதைக் கருதாமல், எலிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல், எந்த எலி மருந்து பெற்றது என்று அறிந்தவரே மதிப்பெண் போட்டுச் செய்த ஆய்வு எதையும் நிறுவாது. அதில் செத்த எலி ஒரு கேள்விக்கும் விடையாகாமல் செத்தது. சிங்கரின் கணக்கிலும் அது குற்றம், சமணர் கணக்கிலும் குற்றம். நோயாளிக்கும் அதனால் ஒன்றுமில்லை.

மூலிகையே எடுத்துக்கொள்வோம். மஞ்சளின் குர்குமினை 2006-இல் ஜப்பானிலும் பின்னர் பிற நாடுகளிலும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் நோயாளிகளுக்கே வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்த்து, பயனுண்டு என்று கண்டார்கள். நிலவேம்புச் சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியாகி நம்பிக்கை தந்தது. அடுத்த பெரிய ஆய்வு பயன் தெரியாமல் இடையிலேயே நின்றது. இரண்டு விடைகளும் மதிப்புள்ளவை. இரண்டையும் தந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிந்து, சம்மதித்து, கையெழுத்திட்ட மனிதர்கள். தலைமுறைகளாக மனிதர் உண்டுவரும் பொருளுக்கு எலியின் புண்ணால் என்ன கூடுதலாகத் தெரியப்போகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

உண்மையில் குடல்நோய் ஆய்வின் வரலாற்றில் சிபியின் வழியும் இருக்கிறது, அதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. பாரி மார்ஷல் இரைப்பை அழற்சிக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் கிருமி என்று காட்டப் பன்றிக்குட்டிகளில் முயன்று தோற்று, 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். கிரோன் நோயோடு தொடர்புள்ள முதல் மரபணுவான நாட்-2வை 2001-இல் காட்டிக்கொடுத்தது நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் தந்த இரத்தம். இன்டர்லூக்கின்-23 என்ற புரதத்தின் பங்கை 2006-இல் உறுதிப்படுத்தியதும் அப்படித்தான். நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு 2009-இல் சுண்டெலியின் ஒற்றைக் குருத்தணுவிலிருந்து சிறு குடல்துண்டு போன்ற ஒன்றைக் கிண்ணத்தில் வளர்த்தது. இன்று நோயாளியின் குடலிலிருந்து எடுத்த துணுக்கிலிருந்தே அதை வளர்க்க முடிகிறது; எலியிடம் வாங்கிய கடன் எலியை விடுவிக்கப் பயன்படுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். கிண்ணத்தில் வளரும் குடலுக்கு நரம்பும் இரத்த ஓட்டமும் உடம்பு முழுவதையும் சுற்றிவரும் வெள்ளணுவும் இல்லை என்பதால் அது எல்லாவற்றுக்கும் மாற்றாகாது. இன்றைக்கே விலங்குச் சோதனையை முற்றாக நிறுத்தலாம் என்று நான் சொல்லாததன் காரணம் அதுதான்.

சட்டமும் இந்தத் திசையில் மெல்ல நகர்கிறது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக வந்த 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், உயிர் காக்கும் அறிவுக்கான சோதனையைக் குற்றமாக்கவில்லை. ஆனால் தவிர்க்க முடிந்த இடத்தில் தவிர்க்கவும், கைப்பழக்கத்துக்காகச் செய்யாதிருக்கவும் சொன்னது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. இந்தியா 2023-இல் தன் மருந்து ஆய்வு விதிகளைத் திருத்தி, மனித உயிரணுக்களில் செய்யும் சோதனைகளுக்கும் இடம் தந்தது. இனி, சட்டம் வற்புறுத்தியதால் செய்தேன் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆகவே நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விலங்கு நெறிமுறைக் குழுக்களில் அமர்ந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். குடல் அழற்சிச் சோதனைக்கு அனுமதி கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நோயாளியின் திசுவோ சம்மதமோ விடை தராதா? இதே சோதனை முன்பே நடந்திருக்கிறதா? விடை எதுவானாலும் அதனால் யாருடைய மருத்துவத்திலாவது ஏதாவது மாறுமா? மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் அதையும் வெளியிடுவீர்களா? நான்கில் ஒன்றுக்கேனும் நேரான பதில் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.